காவல் நிலையம் கைவிட்ட வழக்கைப் பாதிக்கப்பட்டவரே நடத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காவல் நிலையத்தில் முடித்துவைக்கப்பட்ட புகாரைப் பாதிக்கப்பட்டவரே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் வழக்கு நடத்த முடியுமா என்று திருத்துறைப்பூண்டி வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் கேட்டிருந்தார். அதற்கு மறுமொழி எழுதிய மற்றொரு வாசகர், குற்ற வழக்கு அரசுக்கும் எதிரிக்கும் (குற்றம் சாட்டப்பட்டவருக்கும்) இடையே நடப்பது, அதில் பாதிக்கப்பட்டவருக்குச் சாட்சிக் கூண்டைத் தவிர வேறு இடம் கிடையாது என்று எழுதி முடித்துவிட்டார். கொலை, கொள்ளை போன்ற வழக்குகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது ஏறக்குறைய சரி. மற்ற வழக்குகளுக்கு அது பொருந்தாது. அதை நம்பி ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் அவருடைய உரிமை காலாவதியாகிவிடும் என்பதால் இந்தக் கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. காவிரிப் படுகையின் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், சட்டப் புத்தகத்தில் இருப்பதையும் மனு வாங்கும் மேசையில் நடப்பதையும் சேர்த்தே சொல்ல முயல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. நடுவர் ஒருவர் ஒரு குற்றத்தைக் கோப்புக்கு எடுப்பதற்கு, அதாவது வழக்காக ஏற்பதற்கு, அதன் 210-ஆவது பிரிவு மூன்று வழிகளைச் சொல்கிறது. காவல்துறையின் அறிக்கை ஒரு வழி. குற்றத்தின் சங்கதிகளைச் சொல்லும் நேரடிப் புகார் இரண்டாவது வழி. பிறர் தரும் தகவலோ நடுவருக்கே தெரியவந்த செய்தியோ மூன்றாவது வழி. புகார் தருபவர் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட அந்தப் பிரிவு கேட்கவில்லை. மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அந்துலே மீதான வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, சட்டம் வெளிப்படையாகத் தடுத்திருந்தால் ஒழிய, குற்றவியல் சட்டத்தை யார் வேண்டுமானாலும் இயக்கிவைக்கலாம் என்று தெளிவாக்கியது. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கின் தொடக்கமே, 1996-இல் சுப்பிரமணியன் சுவாமி சென்னை முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் கொடுத்த தனிநபர் புகார்தான். சுவாமிக்கு அந்த விவகாரத்தில் சொந்த இழப்பு எதுவும் இல்லை. அவருக்குத் திறந்த வாசல், வரப்புத் தகராறில் கை முறிந்தவருக்கு மூடியிருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டம் வெளிப்படையாகத் தடுக்கும் இடங்களும் உண்டு. கொள்ளிடத்தில் மணல் அள்ளுவதைக் கண்டு கொதித்து நீதிமன்றத்துக்கு வருபவர்களிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி, கனிமங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவின்படி அந்தச் சட்டத்தின்கீழ் வரும் குற்றத்துக்கு அரசு அதிகாரம் அளித்த அலுவலர்தான் எழுத்துமூலம் புகார் தர முடியும் என்பது. ஆனால் அதே செயலைத் திருட்டு என்று கொண்டு பொதுக் குற்றச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்க அந்தப் பிரிவு தடையில்லை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அரசு ஊழியர் தம் கடமையின் பேரால் செய்த குற்றத்துக்கு அரசின் முன்அனுமதி வேண்டும். புதிய சட்டம் அதற்கு 120 நாள் கெடு வைத்து, அதற்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. மருத்துவரின் கவனக்குறைவு பற்றிய புகாரென்றால், வேறொரு தகுதியுள்ள மருத்துவரின் கருத்து போன்ற முதல்நிலைச் சான்று இல்லாமல் அதை ஏற்கக்கூடாது என்பது 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

இந்தத் தனிநபர் புகாரை நம் பகுதியில் ஏற்கெனவே நன்றாகப் பயன்படுத்துகிறவர்கள் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எந்த நடுவர் நீதிமன்றத்தின் அன்றாடப் பட்டியலை எடுத்தாலும் கண்ணில் படுவது செக் கேஸ், அதாவது பணமில்லாமல் திரும்பிய காசோலை வழக்கு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு வழக்கை அரசு நடத்துவதில்லை. பணம் பெற வேண்டியவர் தாமே வழக்கறிஞரை வைத்து நடத்துகிறார். வங்கி காசோலையைத் திருப்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள், அது தாண்டினால் ஒரு மாதத்துக்குள் புகார் என்ற கணக்கு, கும்பகோணத்துப் பாத்திரக்கடை கணக்கப்பிள்ளைக்கும் மன்னார்குடி நெல் வியாபாரிக்கும் மனப்பாடம். டிராக்டர் கடன், உரக்கடை பாக்கி, வட்டிப் பணம் என்று எதற்கு வாங்கிய வெற்றுக் காசோலையாக இருந்தாலும், அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரத் தெரிந்த நிதி நிறுவனத்துக்கு மாதச் சம்பளத்தில் வழக்கறிஞரும் குமாஸ்தாவும் இருக்கிறார்கள். வாய்தாவுக்கு வருகிற கடன்காரர், தன்மீது வழக்குப் போட்டிருப்பது காவல்துறை என்றே பெரும்பாலும் நினைத்துக்கொண்டு நிற்பார். ஒரு தனியாள் இன்னொருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியும் என்பதை அவர் அறிவதே, தாம் கூண்டில் ஏறும்போதுதான்.

இதே உரிமை அவருக்கும் இருந்தது. நெல்லை எடுத்துக்கொண்டு காசோலை கொடுத்து ஏமாற்றிய வியாபாரிமீது, குத்தகை நிலத்தில் நின்ற பயிரை ஆடுமாடு விட்டு அழித்தவர்மீது, வாய்க்கால் முறைத் தண்ணீர் தகராறில் மண்வெட்டிக் காம்பால் அடித்தவர்மீது அவரும் புகார் கொடுத்திருக்கலாம். அவர் போனது காவல் நிலையத்துக்கு. அங்கே கிடைத்தது சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் மனு ஏற்பு ரசீது. சிறு காயம் விளைவிப்பது காவல்துறை தானாக விசாரிக்கக்கூடிய குற்றமல்ல. நடுவரின் உத்தரவு இல்லாமல் அதை விசாரிக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. எனவே நிலைய எழுத்தர் ரசீதைக் கொடுத்துவிட்டு இரு தரப்பையும் அழைத்துப் 'பேசிவிடுகிறார்'. இதில் சட்டத்துக்குப் புறம்பானது எதுவும் இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால் 'இது எங்களால் விசாரிக்க முடியாத குற்றம், நீங்கள் நேரே நடுவரிடம் போகலாம்' என்ற வாக்கியத்தை அடிபட்டவரிடம் சொல்லுகிற நிலையம் எத்தனை இருக்கும்? புதிய சட்டத்தின் 174-ஆவது பிரிவே, தகவல் கொடுத்தவரை நடுவரிடம் அனுப்ப வேண்டும் என்றுதான் சொல்கிறது. அனுப்புவதற்குப் பதிலாக அமர்த்திவைக்கிறார்கள். ஓராண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்குப் புகார் கொடுக்க ஓராண்டுதான் காலவரம்பு. பேச்சுவார்த்தையில் அந்த ஓராண்டு கரைந்துவிடுகிறது.

இனி, புகார் கொடுக்கும் முறை. இங்கே இரண்டு பாதைகள் பிரிகின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தோற்கிறார்கள். காவல்துறை கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய குற்றத்தைப் பதிவு செய்யாமல் விட்டால், முதலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத வேண்டும். அங்கும் பயனில்லையென்றால், உறுதிமொழிப் பத்திரத்துடன் நடுவரிடம் மனுச் செய்து, வழக்குப் பதிந்து விசாரிக்கும்படி உத்தரவிடக் கேட்கலாம். பழைய சட்டத்தில் 156(3) என்று வழக்கறிஞர்கள் வாயில் புழங்கிய பிரிவு இன்று 175(3). இந்தப் பாதையில் புலனாய்வுச் செலவும் சான்று திரட்டும் பொறுப்பும் காவல்துறையுடையவை. இரண்டாவது பாதைதான் உண்மையான தனிநபர் வழக்கு. அதில் நடுவர் முன் புகார்தாரர் நேரில் நின்று உறுதிமொழி எடுத்து வாக்குமூலம் தர வேண்டும். வந்திருக்கும் சாட்சிகளும் தர வேண்டும். நடுவர் தேவையென்று கருதினால் மேலும் விசாரிப்பார் அல்லது விசாரிக்கச் சொல்வார். போதிய முகாந்திரம் இருந்தால் எதிரிக்கு அழைப்பாணை போகும். இல்லையென்றால் காரணத்தை எழுதிப் புகாரைத் தள்ளுபடி செய்வார். அதன்மேல் அமர்வு நீதிமன்றத்துக்குச் சீராய்வு மனு போடலாம்.

புதிய சட்டத்தின் 223-ஆவது பிரிவு இந்த இரண்டாவது பாதையில் ஒரு தடுப்பை வைத்திருக்கிறது. எதிரியின் தரப்பைக் கேட்க வாய்ப்பளிக்காமல் நடுவர் புகாரைக் கோப்புக்கு எடுக்கக்கூடாது என்பது அதில் சேர்க்கப்பட்டுள்ள நிபந்தனை. முன்பு அழைப்பாணை வந்த பிறகுதான் எதிரி நீதிமன்றத்துக்குள் வருவார். இப்போது வழக்கு வழக்காக ஆவதற்கு முன்பே அவர் வந்து நிற்கிறார். பொய்ப்புகாரால் அலைக்கழிக்கப்படும் அப்பாவிகளைக் காப்பது இதன் நோக்கம் என்று சொல்லப்படுகிறது. நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. மருமகளுக்கும் மாமியாருக்கும் சண்டை என்றால் வெளியூரில் இருக்கும் கொழுந்தனையும் சேர்த்து எழுதுகிற மனுக்களை நானே பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். ஆனால் அதே எதிரிமீது காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால், கோப்புக்கு எடுக்கும் முன் அவரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. காவல் நிலையம் ஏற்றுக்கொண்டவருக்கு ஒரு நீதி, காவல் நிலையம் திருப்பி அனுப்பியவருக்கு இன்னொரு நீதி என்று ஆகிறது. அழைப்பு அனுப்பி, அது சேர்ந்ததற்குச் சான்று வந்து, எதிரி வழக்கறிஞர் வைத்து, பதிலுரைக்கு அவகாசம் கேட்டு முடிவதற்குள், சாட்சிக்குச் சம்மதித்த பக்கத்து வயல்காரர் மனம் மாறிவிடுவார். கூலி வேலை கொடுப்பவரும் எதிரியும் ஒருவராகவே இருக்கும் கிராமங்களில் அந்தச் சில மாதங்களே வழக்கின் முடிவைத் தீர்மானித்துவிடும்.

கோப்புக்கு எடுக்கப்பட்ட பிறகும் சுமை குறைவதில்லை. அழைப்பாணை வழக்குகள் எனப்படும் சிறு குற்ற வழக்குகளில் புகார்தாரர் வாய்தாவுக்கு வராவிட்டால் எதிரியை விடுவித்துவிடலாம். புதிய சட்டம் 30 நாள் அவகாசம் கொடுத்த பிறகே அப்படிச் செய்ய வேண்டும் என்று தளர்த்தியிருப்பது நல்லதுதான். ஆனாலும் நாற்று நடவும் அறுவடையும் வாய்தாத் தேதியைப் பார்த்து வருவதில்லை. அரசு நடத்தும் வழக்கில் சாட்சிக்குப் படி உண்டு, வழக்கு நடத்துநருக்குச் சம்பளம் உண்டு. தனிநபர் வழக்கில் எல்லாமே கைக்காசு.

கடுங்குற்றங்களை விசாரிக்கும் அமர்வு நீதிமன்றத்தின் வழக்குகளுக்கு வருகிறேன். கொலை, கொலை முயற்சி, பாலியல் வன்கொடுமை போன்றவற்றையும் நேரடிப் புகாராகக் கொடுக்க முடியும். ஆனால் நடுவர் புகார்தாரரின் எல்லாச் சாட்சிகளையும் முதலிலேயே விசாரித்துவிட வேண்டும், அதன்பின் வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்படும். ஒப்படைக்கப்பட்ட கணத்தில் வழக்கு புகார்தாரரின் கையைவிட்டுப் போய்விடுகிறது. அமர்வு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர்தான் வழக்கை நடத்த வேண்டும் என்பது 248-ஆவது பிரிவின் கட்டளை. தனியார் வழக்கறிஞர் அங்கே வழக்கை நடத்த முடியாது என்று 1999-இல் சிவகுமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2009-இன் திருத்தம், பாதிக்கப்பட்டவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரை அரசுத் தரப்புக்கு உதவியாக வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றது. அந்த உதவி எதுவரை என்ற கேள்வி 2019-இல் ரேகா முரார்கா வழக்கில் வந்தபோது, அவர் வாய்மொழியாக வாதிடவோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவோ முடியாது, கேட்க வேண்டியதை அரசு வழக்கறிஞரிடம் சொல்லலாம், சாட்சியம் முடிந்தபின் அனுமதி பெற்று எழுத்து வாதம் தரலாம் என்று தீர்ப்பாயிற்று.

திருத்துறைப்பூண்டி வாசகர் கவனிக்க வேண்டிய இடம் இதற்குக் கீழ்ப்படியில் இருக்கிறது. நடுவர் நீதிமன்றத்தில் இந்தத் தடை இல்லை. காவல்துறையே தொடுத்த வழக்காக இருந்தாலும், 339-ஆவது பிரிவின்படி நடுவரின் அனுமதி பெற்றுப் பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞரே அதை முழுமையாக நடத்தலாம். பழைய சட்டத்தில் இது 302-ஆவது பிரிவு. உதவி மட்டும் செய்யும் உரிமைக்கும் வழக்கையே நடத்தும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை 2016-இல் தாரிவால் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அடிதடி, மோசடி, நம்பிக்கைத் துரோகம், திருட்டு என்று சாதாரண மக்களின் வாழ்க்கையில் நடக்கும் குற்றங்களில் பெரும்பகுதி நடுவர் நீதிமன்றத்தில்தான் முடிகிறது. அப்படியிருந்தும் இந்த அனுமதி மனுவை என் பணிக்காலத்தில் நான் அரிதாகவே பார்த்தேன்.

அப்படியானால் அமர்வு நீதிமன்றத்திலும் வழக்கைப் பாதிக்கப்பட்டவரிடமே கொடுத்துவிட வேண்டுமா? எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்கிலாந்தில் தனிநபர் குற்றவழக்கு தொடரும் உரிமையை 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு காப்பாற்றி வைத்திருக்கிறது. அரசுத் தரப்பு விரும்பினால் எந்தக் கட்டத்திலும் அதை எடுத்துக்கொள்ளலாம், எடுத்து நிறுத்தியும் விடலாம். அந்த உரிமையை அங்கே பெரிய அளவில் பயன்படுத்தியது யார்? அஞ்சலக நிறுவனம். 1999 முதல் 2015 வரை, கணினிக் கணக்கில் பணம் குறைகிறது என்று காட்டி, ஏறத்தாழ 700 கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்களுக்கு அந்த நிறுவனம் தானே வழக்காளியாக நின்று தண்டனை வாங்கிக் கொடுத்தது. பிழை கணினியில் இருந்தது. அந்தத் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய 2024-இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. மறுமுனையில் அமெரிக்கா. இன்னொருவர்மீது வழக்குத் தொடரப்படுவதிலோ தொடரப்படாமல் போவதிலோ ஒரு தனிமனிதருக்கு நீதிமன்றம் ஏற்கத்தக்க உரிமை எதுவும் இல்லை என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1973-இல் கூறிவிட்டது. நம் சட்டம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது; நிற்கும் இடம் மோசமில்லை. பணமும் ஆளும் உள்ளவர் கையில் கொலை வழக்கை நடத்தும் அதிகாரம் போனால் நம் ஊர்களில் முதலில் கூண்டேறப் போவது யார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முகாந்திரமில்லாத குற்றச்சாட்டுக்கு இழப்பீடு வாங்கித்தர நம் புதிய சட்டத்தில் 273-ஆவது பிரிவு இருக்கிறது என்பார்கள். சிறையில் கழிந்த நாளுக்கு அது ஈடாகாது.

ஆனால் அரசு வழக்கறிஞர் தம் வேலையைச் செய்யாதபோது, பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் வாய்மூடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை ஏற்க முடியவில்லை. அது எங்கோ நடக்கும் அபூர்வமல்ல. மேலே சொன்ன சொத்துக் குவிப்பு வழக்கிலேயே, ஆட்சி மாறிய பின் சாட்சிகள் பலர் திரும்ப அழைக்கப்பட்டு முன்னே சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசுத் தரப்பு பார்த்துக்கொண்டிருந்தது. திருவாரூரை அடுத்த காட்டூரில் பிறந்தவரான பேராசிரியர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்த்தான் 2003-இல் அந்த வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது. ஒரு பெரிய கட்சியின் பொதுச்செயலாளரால் அது முடிந்தது. பிறழ்சாட்சி சொல்லப்படும்போது அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யத் தவறினால், அந்த ஒரு கட்டத்திலாவது நீதிபதியின் அனுமதியுடன் பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் கேள்வி கேட்கலாம் என்று, உதவி வழக்கறிஞரை அனுமதிக்கும் புதிய சட்டத்தின் 18-ஆவது பிரிவில் ஒரு வரி சேர்த்தால், வழக்கு தனியார் கைக்கும் போகாது, அநாதையாகவும் ஆகாது. 2022-இல், உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள்மீது கார் ஏற்றிய லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றம் நடந்த பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குத் தம் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு என்று கூறியது ஜாமீன் விவகாரத்தில். அதே நியாயம் சாட்சி விசாரணைக்கும் நீள வேண்டும்.

தண்டனையோ விடுதலையோ தீர்ப்பான பிறகு என்ன என்பதில் மட்டும் உண்மையான மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். நாகப்பட்டினத்தில் தண்டிக்கப்பட்ட மிராசுதார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். காவல்துறை தொடுத்த அந்த வழக்கில் விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை, பெற்றவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்களுக்குச் சட்டத்தில் இல்லை. செய்வதா வேண்டாமா என்பது முழுக்க அரசின் முடிவாக இருந்தது. 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த வழக்கில் தஞ்சாவூர் அமர்வு நீதிமன்றம் பத்தாண்டு கழித்து 2014-இல் தீர்ப்பளித்தபோது, 10 பேர் தண்டிக்கப்பட்டு 11 பேர் விடுதலையானார்கள். 2017-இல் உயர் நீதிமன்றம் தண்டனைகளையும் பெருமளவு தளர்த்தியது. கீழ்வெண்மணித் தீர்ப்புக்கும் கும்பகோணம் தீர்ப்புக்கும் நடுவே, 2009-ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து, பாதிக்கப்பட்டவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் மேல்முறையீட்டு உரிமை வந்துவிட்டது. விடுதலையை எதிர்த்தும், குறைவான குற்றத்துக்குத் தண்டித்ததை எதிர்த்தும், இழப்பீடு போதாது என்றும் அவர்கள் தாமே மேல்முறையீடு செய்யலாம். உயர் நீதிமன்றத்தின் முன்அனுமதிகூடத் தேவையில்லை என்று 2018-இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் முடிவாயிற்று. செக் வழக்கின் புகார்தாரரும் பாதிக்கப்பட்டவரே என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றம் கூறியதால், அவர்களும் இனி உயர் நீதிமன்ற அனுமதிக்குக் காத்திராமல் மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்கே போகலாம்.

உரிமை தாளில் இருக்கிறது; போக வேண்டிய தூரம் மண்ணில் இருக்கிறது. அமர்வு நீதிமன்றத்தின் விடுதலைத் தீர்ப்பை எதிர்க்க, தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் மதுரைக் கிளைக்கும், பக்கத்திலேயே இருக்கும் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர் சென்னைக்கும் போக வேண்டும். வலங்கைமானில் ஏறிச் சென்னை போகும் செலவும், தீர்ப்பு நகலுக்கும் தட்டச்சுக்கும் ஆகும் செலவும் சேர்ந்து ஒரு குறுவைக் கூலியைத் தின்றுவிடும்.

பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது; மற்ற வழக்குகளுக்கும் அதையே முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. 1995-ஆம் ஆண்டு விதிகளின் 4(5)-ஆவது விதிப்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு நடத்தத் தேர்ந்த மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தலாம், கட்டணம் அரசுடையது. வழக்கு அரசுடையதாகவே இருக்கிறது, ஆனால் பாதிக்கப்பட்டவரின் நம்பிக்கைக்குரியவர் பேசுகிறார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் மனுக் கொடுப்பவர்கள், இந்த விதியைச் சொல்லியும் ஒரு மனுக் கொடுக்கலாம் என்பதை அமைப்புகள் எடுத்துச்சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு அரசுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களுக்கும் என் கோரிக்கை ஒன்றுதான். வட்டந்தோறும் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்கு உட்பட்ட ஏழைகள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு இலவச வழக்கறிஞரைத் தருகிறது. அது எதிரிக்கு மட்டும் என்று எங்கும் எழுதவில்லை. நடைமுறையில் சிறையில் இருப்பவருக்கும் ஜீவனாம்சம் கேட்பவருக்கும் கிடைக்கும் அந்த உதவி, தனிநபர் புகார் கொடுக்க வருபவருக்கும் 339-ஆவது பிரிவின்கீழ் அனுமதி கேட்பவருக்கும் எட்டுவது அபூர்வம். ஆற்றில் தண்ணீர் திறந்தும் கடைமடை காய்வதைப் போலத்தான். ஒவ்வொரு வட்டக் குழுவும் தன் பட்டியல் வழக்கறிஞர்களில் சிலரைப் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும். காவல் நிலையம் தரும் மனு ஏற்பு ரசீதின் பின்புறத்தில், நடுவரிடம் நேரே புகார் கொடுக்கலாம் என்ற செய்தியையும் சட்ட உதவிக்கான 15100 என்ற தொலைபேசி எண்ணையும் தமிழில் அச்சிட வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை. காவல் கண்காணிப்பாளரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

கடைசியாக, கேள்வி கேட்ட வாசகருக்கு. உங்கள் புகாரில் வழக்குப் பதிந்து, பிறகு 'மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது' என்று காவல்துறை முடித்திருந்தால், அந்த அறிக்கையை ஏற்கும் முன் நடுவர் உங்களுக்கு அறிவிப்புத் தந்து உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று சொல்லும் அந்தத் தாளில் நிலையத்துக் காவலர் கையெழுத்துக் கேட்டால், கையெழுத்திடும் நாளை உங்கள் கையாலேயே எழுதி, ஒரு நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின் தாமதிக்காமல் நடுவரிடம் எதிர்ப்பு மனுக் கொடுங்கள். அதையே தனிநபர் புகாராகக் கருதி உங்கள் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய நடுவருக்கு அதிகாரம் உண்டு. காலவரம்பு கணக்கிடப்படுவது நீங்கள் மனுத் தாக்கல் செய்யும் நாளை வைத்துத்தான், நடுவர் கோப்புக்கு எடுக்கும் நாளை வைத்தல்ல என்று சென்னை மருத்துவமனை ஒன்று சம்பந்தப்பட்ட சாரா மேத்யூ வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்த்திருக்கிறது. எனவே காயச் சான்று, மனு ஏற்பு ரசீது, நோட்டீஸ் ஆகியவற்றின் நகல்களுடன் மனுவைத் தாக்கல் செய்து, நீதிமன்ற முத்திரையும் தேதியும் இட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருத்துறைப்பூண்டி நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப்பணிகள் குழுவைக் கேட்டால் காட்டுவார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
மயிலாடுதுறை.